தரையைத் தொடாத கள்ளுக்கடை

1926ஆம் வருஷம் லைசென்ஸ் புதுப்பித்த மறுநாள் காலை, க்யிம்யிண்டைங் ஊரின் ஆற்றுப் படித்துறையில் பவுனம்மாளின் கள்ளுக்கடை தரையை விட்டு இரண்டு முழம் மேலே நின்றது. சந்தை முனையில் அப்பாசாமியின் சாராயக்கடை ஜன்னல்வரை மண்ணுக்குள் போயிருந்தது. இரண்டுக்கும் வார்டு சபை வாங்கிய கட்டணம் ஒரே அறுபது ரூபாய். சபையில் லைசென்ஸ் பிரிவைப் பார்த்த மாரிச்சாமிக்குக் கடை மிதப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆற்றங்கரை மண்ணில் எதுவும் நடக்கும். ஒரே தொகை கட்டிய இரண்டு கடைகள் எப்படி எதிரெதிராகப் போகும் என்பதுதான் பிடிபடவில்லை.

பவுனம்மாள் கடையை விட்டு இறங்க மறுத்தாள். புருஷன் போனபின் அவளுக்கு இருந்த ஒரே பிழைப்பு அது. வாடிக்கைக்காரர்கள் ஏணி வைத்து ஏறினார்கள். இறங்கும்போது பெரும்பாலும் விழுந்தார்கள். கடை நாளுக்கு நாள் உயர்ந்தது. கயிறு போட்டுத் தூணில் கட்டினார்கள். மழைக்காற்று தொடங்கினால் கயிறு அறுந்து கடை ஆற்றைத் தாண்டிவிடும் என்று சம்பான் படகுக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள். மாரிச்சாமி த்வாண்டே ஊர்ப் பெரிய மண்ஜாடிகளில் தண்ணீர் நிரப்பி உள்ளே அடுக்கச் சொன்னார். ஜாடிகளும் சேர்ந்து உயர்ந்தன.

"மாரி அண்ணே, லைசென்ஸ் தரையில நடத்தத்தான குடுத்தீக?" என்று மேலிருந்து கத்தினாள்.

"கொஞ்சம் பொறு தாயி, யோசிக்கிறேன்."

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் நிலாவுக்குக் கள்ளு ஊத்திக்கிட்டு இருப்பேன்!"

அவர் சபை ஆட்களின் பின்னாலேயே நடந்து பார்த்தார். அப்பாசாமி கடைக்கு இரண்டு தோட்டிகள், ஒரு தெருவிளக்கு, நேரத்துக்குக் கடையை மூடவைக்க ஒரு பியூன், வாரம் தவறாமல் அடிதடி விசாரணை. பவுனம்மாள் சாக்கடையைத் தானே கழுவி, விளக்கேற்றுமுன் கடையைச் சாத்திவிடுவாள். அங்கே சுகாதார இன்ஸ்பெக்டர் எப்போதாவது வந்து பானையை முகர்ந்து போவதோடு சரி. மாரிச்சாமி நடுத்தெருவில் துள்ளினார். அவள் கடைக்குச் சபை செய்த செலவு இருபது, அப்பாசாமி கடைக்கு நூறு! அவள் கூடுதலாகக் கட்டிய நாற்பதுதான் அப்பாசாமி கடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

மீதி நாற்பதைக் கட்டச் சொன்னபோது அப்பாசாமி சிரித்தார். "கட முழுகுனா என்னய்யா? நம்ம ஆளுக எப்படியும் தவந்துதான வீட்டுக்குப் போறானுக, வரும்போதும் தவழட்டும்." கூரை தெருமட்டத்துக்கு வந்ததும் கட்டினார். கடை சேற்றை உதறிக்கொண்டு எழுந்தது. மொத்தத்தில் எதுவும் குறையாததால், பவுனம்மாளின் நாற்பதைத் திருப்பித் தரச் சபையும் தலையசைத்தது.

அன்றே மழைக்காற்று வந்தது. கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. மாரிச்சாமி துண்டில் முடிந்த நாற்பது ரூபாயோடு ஏணியில் ஏறி, ஒவ்வொரு ரூபாயாக அவள் கையில் வைத்தார். ஒரு ரூபாய்க்கு ஒரு சாண் கடை இறங்கியது. "வேகமாக் குடுங்கண்ணே, கட ஆத்தப் பாத்துத் திரும்புது!" கடைசி ரூபாயில், மிச்சமிருந்த ஒரே கயிறு அறுவதற்குள், கடை தரையில் உட்கார்ந்தது. படித்துறையே கைதட்டியது. பந்தயத்தில் தோற்றவர்களும் கள்ளு கேட்டார்கள்.

மறுவருஷம் பூங்காவில் பாண்டு வாத்தியம் வாசிக்க என்று சபைத் தலைவர் பவுனம்மாளின் கட்டணத்தில் ஐந்து ரூபாய் சேர்த்துப் பார்த்தார். கடை ஐந்து சாண் எழும்பியது, ஐந்தையும் எடுத்துவிட்டார்கள். அதுமுதல் லைசென்ஸ் நாளில் கொத்தனார் ஒருவர் ஒவ்வொரு கடை வாசலிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். அந்தக் கடையால் சபைக்கு என்ன செலவோ, அதுவே அதன் கட்டணம்; படி தரையோடு சேரும்வரை கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள்.