பேபி குடிக்காத சூப்பு

கடப்பேரியில் பேபி வைக்கும் சாசேஜ் சூப்பு, அவள் நாக்கில் படாதவரை தீராது. அவள் கல்யாணமாகி வந்த 1983லேயே தெருவுக்கு இது தெரிந்துபோனது. அவளுடைய அப்பன் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீடுகளுக்குச் சாசேஜ் போட்டுக் கொடுத்தவர். பன்றிக்குடலைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, காடியில் ஊறிய கறியைப் பூண்டும் மிளகும் சேர்த்துப் புனல் வழியாக அடைத்துக் கொடியில் தொங்கவிடுவது அவளுக்குக் கைவந்த வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் அதை வட்டம் வட்டமாக வெட்டி வதக்கி, உருளைக்கிழங்கில் பாதியை மசித்து, பாதியைத் துண்டாகப் போட்டு, அலுமினியக் குண்டானில் கொதிக்கவிடுவாள். முதல் வாரம் மாமியார் அஞ்சம்மாள் குடித்தாள், புருஷன் சின்னப்பன் குடித்தான், வந்த சனமெல்லாம் குடித்தது. குண்டான் குறையவில்லை. அந்த வீட்டில் மருமகள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். பேபி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். குண்டான் தேய்த்துக் கவிழ்த்த மாதிரி காய்ந்துபோனது.

அடுத்த வாரமும் அப்படியே ஆனதும் அஞ்சம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனி உப்பு பார்க்கக்கூட அவள் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கீழ்க்கட்டளையிலிருந்தெல்லாம் சைக்கிளில் தூக்குச்சட்டி மாட்டிக்கொண்டு வந்தார்கள். பேபி குடித்தாளா என்று தின்ற வாய் ஒன்றுகூட விசாரிக்கவில்லை. சனங்களின் லட்சணம் அவ்வளவுதான்.

மசக்கையில் அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அந்தச் சூப்பு ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு கிண்ணம் என்று மாமியாரிடம் கெஞ்சினாள்.

"நீ குடிச்சா மொத்தத் தெருவும் என் வூட்டு வாசல்ல வந்து வவுத்துல அட்ச்சிக்கும்டி. மாங்கா கீது, துண்ணு."

சின்னப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆசை தீராமல் பிறந்த பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அவள் பெற்ற யேசுதாசனுக்குச் சூப்பு வடிந்தது. இளஞ்சூடாக, மிளகு வாசத்தோடு. டாக்டர் பஞ்சு வைத்து அனுப்பினார். பிள்ளை ஒரு சத்தமும் கேளாமலே வளர்ந்தான். எறும்பு மொய்க்காமலிருக்க அவன் பாயைச் சுற்றி பேபி மஞ்சள்தூள் தூவுவாள்.

1993இல் ஒருநாள் பக்கத்து வீட்டு கங்கையம்மாள் தன் பங்கைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உன் ஆச தீந்தா புள்ள காது காஞ்சிடும்டி. எங்களுக்கோசரம் பாத்துகினு கீறியா?"

அடுத்த ஞாயிறு, வரிசை ரயில்வே கேட்டு வரை நின்றபோது, பேபி கிண்ணத்தில் மொண்டு, எல்லாரும் பார்க்கக் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தாள். அஞ்சம்மாள் அவள் மயிரைப் பிடித்து இழுத்தாள். பேபி விடவில்லை, அடிக்கிழங்கு வரை வழித்துத் தின்றாள். குண்டான் காய்ந்தது. பிள்ளையின் காது வடிவதும் நின்றது. அவன் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "ராசா" என்று கூப்பிட்டாள். அவன் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு காதிலும் குழாய் திறந்த மாதிரி சூப்பு கொட்டியது, கிழங்கும் சாசேஜுமாக.

முதலில் பாத்திரத்தை நீட்டியது கங்கையம்மாள்தான்.

அன்று முதல் பேபி சாசேஜ் அடைக்க வேண்டியதில்லை. அவளுக்கு அடுப்படி வேலை மிச்சம் என்று தெருவே சந்தோஷப்பட்டது. இப்போது அவளும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், தீராது, அவள் தொடுவதில்லை. ஞாயிறுதோறும் பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து, தலை ஆடாமல் சின்னப்பன் பிடித்துக்கொள்வான், அஞ்சம்மாள் ஊற்றிக் கொடுப்பாள். வலிக்கிறதா என்று கேட்டாலும் பையன் காதில் விழப்போவதில்லை. அதனால் யாரும் கேட்பதில்லை.