காற்றுப் பட்டால் கறுக்கும் கல்

கொத்தனார் விட்ட அறையில் மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி எகிறிப் போய்ச் சமையலறை வாசலில் விழுந்தது. தங்கையின் புருஷன். சுரங்கத்தில் கல் பார்த்துச் சொல்லும் அதிகாரி. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் கை நனைப்பதற்குள் வாங்கிய அடி. அப்படி என்ன செய்துவிட்டார்? வாசல் சுவரைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். விடாமல் வாயைத் திறந்தார்.

"மச்சான், உங்க வீடு மொத்தமும் மாங்கனீசு."

"இது சுண்ணாம்புக்கல்லு மாப்ள. உங்க குப்பைமேட்டுல கெடந்ததுதான்."

அது உண்மைதான். சுரங்கக் குழியின் ஆழப் பக்கத்தில் கறுப்பு மாங்கனீசுப் படுகை மெலிந்து மெலிந்து வெளிறிய கல்லாக மாறியது. அந்தக் கல்லை வேண்டாதது என்று வெளியே கொட்டினார்கள். கொத்தனார் அதை வண்டி வண்டியாக அடித்துவந்து சுவர் எழுப்பினார். தூக்கும்போதே கை இற்றுப்போகிற கனம். இவ்வளவு கெட்டியான கல் சும்மா கிடைத்ததே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். இப்போது எந்தப் பக்கம் வெட்டினாலும் வெள்ளைக் கல்லாகவே வந்ததில், தாது தீர்ந்தது என்று நிர்வாகம் குழியையே மூடிவிட்டது.

"தீரவே இல்ல மச்சான். இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. ஆழத்துத் தண்ணியில காத்து கிடையாது, அதனால மாங்கனீசு அதுல உப்பு மாதிரி கரைஞ்சே கெடந்துச்சு. அந்தத் தண்ணி கரைப்பக்கமா மேல ஏறி வந்து காத்தப் பாத்ததும் கறுப்பா, மணி மணியா அடியில படிஞ்சிருச்சு. நாம தோண்டினது அத. ஆழத்துச் சேத்துக்குள்ள காத்து எட்டல. அங்க அதே மாங்கனீசுதான் கார்பனேட்டாகி, வெளிறிப்போய்த் தங்கிடுச்சு. ஒரே படுகை, ரெண்டு நிறம். வெள்ளக் கல்ல எவனும் சோதனைக்கே அனுப்பல, நான் உட்பட."

"யாரு சொன்னா உனக்கு?"

"உங்க சுவரு சொல்லுது. வருஷா வருஷம் கறுக்குதே, ஏன்னு நெனச்சீங்க?"

"பாசி. அதான் வெள்ளையடிக்கிறேன்."

"பாசியுமில்ல ஒண்ணுமில்ல. இப்பதான் அதுக்குக் காத்து கெடைச்சிருக்கு. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடுறேன், குழியத் திறந்துடுவாங்க."

அறை விழுந்தது அப்போதுதான்.

குழியை மூடிய அன்றைக்குத் தெருவே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. கொத்தனார் ஒருவர்தான் வயிறாரச் சாப்பிட்டார். மூத்த மகனை விழுங்கிய குழி அது. படுகைக்கு அடியில் வழுவழுப்பான களிமண். ஒரு மழையில் குழியின் மேல்சுவர் அதன்மீது வழுக்கிக்கொண்டு வந்து அவன்மேல் உட்கார்ந்துவிட்டது. தோண்டி எடுத்தபோது முகம் என்று ஒன்றில்லை. இடுப்பு பெல்ட்டைப் பார்த்துத்தான் அப்பன் ஆமாம் என்றார். எத்தனை குடம் ஊற்றிக் கழுவியும் உடம்பில் அப்பிய கறுப்பு போகவில்லை. மகன் போன துக்கத்தில் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருப்பவன் இளையவன் ஒருவன். அந்த மடையனோ அண்ணன் பார்த்த அதே வெடிவைக்கிற வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, குழி எப்போது திறக்கும் என்று காத்துக் கிடந்தான். கொத்தனாருக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் அந்தக் குழிக்குள் காலை வைக்கக் கூடாது.

"சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்று மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினார்.

"தெருவே பட்டினி கெடக்குது மச்சான். எப்படிச் சொல்லாம இருக்கறது?"

மறுபடி மோதினார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. பார்க்கத்தான் ஒல்லிப்பிச்சான், ஆள் மசியவில்லை. "கொன்னாலும் சொல்லுவேன்" என்றார். கொத்தனாரின் பத்து விரலும் அவர் கழுத்தில் இறங்கின. கொன்றே போட்டிருப்பார், பின்னாலிருந்து யாரோ அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளாமல் இருந்திருந்தால்.

இளையவன்.

"அப்பா, உங்களுக்குப் பைத்தியமா? மாமா, என்ன ஆச்சு?"

மாப்பிள்ளை இருமிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேட்கக் கேட்கப் பையனின் முகம் மலர்ந்தது. பையன் மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்தான். இரண்டே போடு, சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. சம்மட்டியை எறிந்துவிட்டுக் கல்லைத் துண்டில் சுற்றினான்.

"நீங்க உக்காருங்க மாமா. இத நான் ஆபீஸுக்குக் கொண்டுபோறேன்."

"வேணாம்டா. உங்கண்ணன் கெடந்த கெடப்ப நீ பாக்கல."

"பாத்தேன். அதுக்காகக் காலம் பூரா உங்க சிமெண்ட் சட்டியத் தூக்கணுமா?"

கொத்தனார் அவன் காலைக் கட்டிக்கொண்டார். பெற்ற அப்பன் பிள்ளை காலில் விழுந்து கெஞ்சினார். அவன் உதறியதில் முழங்கால் அவர் தாடையில் இடித்துப் பல் ஒன்று தெறித்தது. "விடுங்கப்பா" என்று வாசலைத் தாண்டப் போனான்.

கோபத்தில் கண்மண் தெரியாமல் செய்தார் என்று பிற்பாடு தெருவில் பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். கண் நன்றாகத் தெரிந்தது. எந்தக் கல்லை எங்கே தட்டினால் பிளக்கும் என்று அறிந்த கை சம்மட்டியை எடுத்தது, இடது முட்டிக்குக் கீழே பார்த்து இறக்கியது. எலும்பு முறிந்த சத்தம் சமையலறைவரை கேட்டது. பையன் போட்ட அலறலில் தெரு கூடிவிட்டது. அதற்குள் கொத்தனார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "என் ராசா, என் ராசா" என்று அழுதபடியே ஓடினார்.

சாரத்திலிருந்து விழுந்தேன் என்று பையன் போலீசில் சொன்னான். அதற்கப்புறம் அப்பனோடு பேச்சில்லை. கால் குட்டையாகி, கட்டை ஊன்றி நடந்தான். மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாமல் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தார். குழி திறந்தது. தெருப் பையன்கள் அத்தனை பேரும் வெள்ளைக் கல் வெட்டப் போனார்கள். நொண்டியை யார் எடுப்பார்கள்? அவன் வீட்டிலேயே கிடந்தான். தெரு கொத்தனாரைக் காறித் துப்பியது. துப்பட்டும். பிள்ளைக்குத் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவர் மனம் குளிர்ந்தது.

மழைக்காலத்தில், நடுப்பகலில், சுரங்கத்தின் அபாயச் சங்கு விடாமல் ஊதியது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு குழிப்பக்கம் ஓடினார்கள். மேல்சுவர் மறுபடி வழுக்கிவிட்டது. ஏழெட்டுப் பையன்கள் உள்ளே.

சாரத்தில் நின்றிருந்த கொத்தனார் குதித்து வீட்டுக்கு ஓடிவந்தார். மகன் கூடத்தில் முழுசாக உட்கார்ந்திருந்தான். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவருக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

பையன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். கட்டையை ஊன்றி எழுந்தான், மண்வெட்டியைத் தோளில் போட்டான்.

"உள்ள கெடக்கறதெல்லாம் என் சேக்காளிங்க" என்றான். "வழிய விடுங்க கொத்தனாரே."

அப்பா என்று அவன் சொல்லவில்லை. கொத்தனார் வாசலை அடைத்து நின்றார். மண் இன்னும் சரியும், இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடித் தப்பிக்கவும் அவனால் முடியாது. இன்னொரு கால் இருக்கிறதே என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் தன் கைகளைப் பார்த்தார்.

நகர்ந்து வழிவிட்டார். மகன் நொண்டி நொண்டி மழையில் இறங்கிக் குழியை நோக்கிப் போனான்.