திகதி போடாத கடிதம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு எம்.பி. ஸஹீத், றவூப் மரைக்காரின் வீட்டுக்குப் போனார். இடது பொய்க்கால் படியில் தட்டியது. மரைக்கார் கைகொடுக்கவில்லை. கதிரையைக் காட்டினார்.

"மாமா, எனக்கு நாலு நாள் தாங்க."

"ரெண்டு வருசம் தந்தமே, மகன்."

"செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அதுக்குப் பிறகு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

மரைக்கார் ஸஹீதின் உம்மாவோடு பிறந்தவர். அவர்களுடைய தாய்வழிக் குடிக்குத் தலைவர்; அந்தப் பதவிக்குத்தான் மரைக்கார் என்று பெயர். கட்சிக்குக் கிடைத்த தேசியப்பட்டியல் எம்.பி. இடத்தை இரண்டு ஊர்கள் மாறி மாறி வைத்திருப்பதென்று பேசி முடித்தபோது, திகதி போடாத இராஜினாமாக் கடிதத்தில் ஸஹீத் கையெழுத்து வைத்து இவரிடம் கொடுத்திருந்தார். பள்ளிவாசலில் குர்ஆனில் கைவைத்து, இரண்டு வருடத்தில் விலகுவதாக வாக்கும் கொடுத்தார். நேற்று மரைக்கார் கடிதத்தில் திகதியை எழுதிவிட்டார். நாளை அது கொழும்புக்குப் போகிறது.

"மத்த ஊராக்கள் இந்தக் கதிரையிலதான் வந்து இரிந்தாங்க. 'உங்கட வார்த்தை இன்னும் இரிக்கா மரைக்கார்?' எண்டு கேக்காங்க. நான் என்ன சொல்லுற?"

"சரீப் காக்காட காணி, மாமா. சாகாமத்துக்கு அங்கால நாப்பது குடும்பத்துட வயல். செவ்வாய்க்கிழமை பாராளுமன்றக் குழு கூடி, அது வயலா காடா எண்டு முடிவெடுக்குது. காடு எண்டு எழுதினா எழுதினதுதான். அங்க நிண்டு கதைக்கிறதுக்கு நான் எம்.பி.யா இரிக்கணும்."

"வாறவர் கதைக்கட்டும்."

"அவர் சத்தியப்பிரமாணம் எடுக்கவே ரெண்டு கிழமை போயிரும். வயல் எந்தப் பக்கம் எண்டும் அவருக்குத் தெரியா."

"ரெண்டு வருசமா நீ என்ன செஞ்ச?"

இரண்டு வருடமாக அந்தக் கூட்டம்தான் தள்ளித் தள்ளிப் போனது. அதை எத்தனை முறை சொல்வது? ஸஹீத் எழும்பி நடந்தார்.

வீட்டில் சபியா உம்மா காத்திருந்தார். சரீபின் மனைவி. தொண்ணூறாம் ஆண்டு ஸஹீதும் சரீபும் ஊர்காவல் படையில் ஒன்றாக நின்றவர்கள். நெல் சூடடிக்கும் ஆட்களுக்குக் காவல் போன இடத்தில் சரீப் சுடப்பட்டு மௌத்தானார். ஊருக்குக் கொண்டுவரப் பாதை இல்லை. அவருடைய வயல் மேட்டிலேயே ஸஹீத் அடக்கினார். அடுத்த வருடம் மிதிவெடி ஸஹீதின் காலை எடுத்தது.

"மாமா என்ன சொன்னாரு?" என்றார் ஸஹீதின் மனைவி நுஸ்ரத்.

"ஏலாதாம்."

"அப்ப செவ்வாய்க்கிழமை?" என்றார் சபியா உம்மா.

"அண்டைக்கு நான் எம்.பி. இல்ல மதினி."

"அவர அடக்கின கபுறுக்குப் பக்கத்துல நிண்டு நீ என்ன சொன்னாய் தம்பி?"

"மதினியக் கூட்டிட்டு வருவன் எண்டு."

"நீ பிரதேச சபைக்குப் போனாய், மாகாண சபைக்குப் போனாய், பாராளுமன்றமும் போயிற்றாய். ஒவ்வொருக்காவும் நான் நேந்து நோன்பு புடிச்சன். காட்டு இலாகாக்காரனுகள் கல்லு நட்டு வச்சிரிக்கானுகள். எட்ட நிண்டு பாக்கவும் விடுறானுகள் இல்ல."

நுஸ்ரத் ஸஹீதின் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்து உங்கடதில்ல எண்டு சொன்னா, கடிதம் செல்லாதாம். சட்டத்தரணி சொன்னாரே."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. அவர் சொன்னதச் சொன்னன்."

ஸஹீத் சபியா உம்மாவைப் பார்த்தார். அவர் தடுப்பார் என்று நினைத்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸஹீத் தொலைபேசியை எடுத்தார்.

"மாமா, அந்தக் கையெழுத்து என்டதில்ல."

"அசறு தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கு வா. எல்லாக் குடி மரைக்கார்மாரும் இரிப்பாங்க. குர்ஆன்ல கைவச்சுச் சொல்லு. சொன்னா அங்கயே கிழிக்கன்."

அசறுக்குப் பிறகு ஸஹீத் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் மறுபடியும் கை, முகம், கால் கழுவி வுழூ எடுத்தார்.

"கெதியா முடிச்சிட்டாரு. கழுவ ஒரு கால்தானே," என்றார் ஒரு மரைக்கார். ஒருவரும் சிரிக்கவில்லை.

றவூப் மரைக்கார் கடிதத்தை விரித்தார். ஸஹீதின் கையெழுத்து, கடைசி எழுத்துக்கு அடியில் அவர் எப்போதும் இழுக்கும் கோட்டோடு தெளிவாக இருந்தது.

"கைய வை. இது உன்டதா?"

ஸஹீத் கையை வைத்தார்.

"இல்ல."

"இன்னொருக்காச் சொல்லு. காது கேக்கல்ல."

"என்டதில்ல, மாமா."

மரைக்கார் கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"நீ எம்.பி.தான். போ. நான் மௌத்தானா என்ட சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் குடுக்க வந்திராத."

எல்லோரும் எழுந்து போனார்கள். ஸஹீத் எழும்பப் பார்த்தார், பொய்க்கால் வழுக்கியது. வழக்கமாக நாலு கை நீளும். இன்று தூணைப் பிடித்துத்தான் எழும்பினார்.

வெளியே, பள்ளிவாசல் படலையடியில் சபியா உம்மா நின்றார்.

"என்ன, தம்பி?"

"செவ்வாய்க்கிழமை போறன், மதினி."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். ஸஹீதின் முகத்தைப் பார்த்தார். சொல்லவில்லை.