மந்திரி வருகிற ரோடு

இசக்கிப்பாண்டி அண்ணாச்சி எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடர் போட்டுவைத்திருந்தார். நான் தபால் பையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது பண்டாரக்குளத்துக் கரை நெடுக வெள்ளைக் கோடு கிடந்தது. மூக்கு எரிந்தது. புது போர்டைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணிக்கு அடியில் ‘தவளைகள் கடக்கும் இடம், மெதுவாகச் செல்லவும்’ என்று இருக்கும். வாசகத்தை எழுதிக்கொடுத்தவளே நான்தான். அந்தப் போர்டைத் திறக்க மந்திரி வருகிறார் என்று, தவளையின் தோலைப் பொசுக்குகிற பவுடரைத் தவளை ரோட்டில் ஏறுகிற இடத்திலேயே கொட்டியிருக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூட வாய்க்கவில்லை.

என் பெயர் பஸீலா. பிறந்தது கடையநல்லூர், வாக்கப்பட்டது சங்கரன்கோவில். மேலநீலிதநல்லூர் ரோட்டில் ஒரு கிராமத்துத் தபால் ஆபீசில் வேலை. சாயந்தரம் பையை டவுனில் சேர்க்க வேண்டும் என்பதால் தினமும் பொழுது சாயும் நேரத்தில் இந்தக் குளத்தங்கரை வழியாகத்தான் போவேன். ரோட்டுக்கு ஒரு பக்கம் செம்மண் செவக்காடு, மறுபக்கம் குளம். கோடை முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற தவளைகள், ஐப்பசியில் முதல் மழை விழுந்த அன்றே வெளியே வந்து முட்டையிடக் குளத்துக்குப் போகும். போக வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதே நேரத்தில்தான் மில் வேனும் காலேஜ் பஸ்ஸும் லாரிகளும் பறக்கும். தவளை தன் வாயால் கெடும் என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். இங்கே அது நம் டயரால் கெடுகிறது. வயிறு வெடித்து, முட்டை தாரோடு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு முதல் வருஷம் வண்டியை ஓரங்கட்டி அழுதேன். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. ஆத்திரம் நிற்கவில்லை.

நான் கேட்டது போர்டு இல்லை. முதல் மழை விழுகிற சாயந்தரம் மட்டும், கொஞ்ச நேரம் வண்டிகளை நிறுத்துங்கள், அவ்வளவுதான். எந்த ஆபீசில் போய்க் கேட்டாலும் ஒரே பதில்: “பப்ளிக் ரோட்ட எப்படிம்மா தவளைக்காக நிறுத்த முடியும்?” கூட வந்த ஒரே ஆள் எங்கள் கவுன்சிலர் இசக்கிப்பாண்டிதான். “தவளைக்கு மட்டும் ஓட்டு இருந்திச்சின்னா நான் எம்.எல்.ஏ. ஆயிருப்பேன், போஸ்ட்டம்மா” என்று கேலி பேசிக்கொண்டே எல்லாப் படியும் ஏறினார். கடைசியில் ரோட்டை நிறுத்த முடியாதவர்கள் போர்டு தந்தார்கள். டவுனில் வேறு விழாவுக்கு வருகிற மந்திரி போகிற போக்கில் அதைத் திறந்துவைப்பார் என்றும் ஏற்பாடானது.

“அண்ணாச்சி, என்ன இது?” என்றேன்.

“என்ன இப்படிக் கேக்கீய? மந்திரி வாரார்லா!” வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகம் கொள்ளாத சிரிப்பு. “நம்ம பஞ்சாயத்துப் பவுடர் பத்தலைன்னு பக்கத்துல கேட்டு வாங்கிப் போட்டிருக்கேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட இவ்ளோ போடல.”

“தவளைக்குப் பாதி மூச்சு தோல் வழியாத்தான் போகும். இதுமேல ஏறுச்சின்னா வெந்துதான் சாகும். லாரிக்காரன் கொல்லுதது பத்தாதுன்னு நீங்களும் சேந்துட்டியளா?”

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. குனிந்து பவுடரைப் பார்த்தார். தப்பு புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும், “கோடு இல்லாட்டா ரோடு மொட்டையால்லா கெடக்கும்” என்று முனகினார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. நம் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் சாக்கடையை அள்ள மாட்டோம், குப்பையை எடுக்க மாட்டோம், எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக எதையாவது தூவிவிட்டுக் கும்பிடுவோம். “மொட்டையா கெடக்கட்டும்” என்று கத்திவிட்டு, புளியமரத்தடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்து நானே வழிக்க ஆரம்பித்தேன்.

பவுடர் போட்ட நூறுநாள் வேலைப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பிச்சம்மாள் முதலில் எழுந்தாள். “போடுன்னா போடுதோம், அள்ளுன்னா அள்ளுதோம். வாங்கட்டி, இந்தம்மா ஒத்தையில கெடந்து சாவுது” என்று சாந்துச்சட்டியைத் தூக்கினாள். தவளை வருகிற செவக்காட்டுப் பக்கத்தை முதலில் வழித்தோம். அந்தப் பக்கம் முடிந்து, குளத்துப் பக்கம் பாதிகூட ஆகவில்லை. மழை இறங்கிவிட்டது.

மழையோடு போலீஸ் ஜீப்பும் வந்தது. எஸ்.ஐ. இறங்கி விசில் ஊத, ரெண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் கயிறு கட்டினார்கள். மந்திரி எந்த நேரமும் டவுனை விட்டுக் கிளம்பிவிடுவாராம். பஸ், லாரி, வேன், பைக் எல்லாம் வரிசையாக நின்றன. ஒருத்தன் ஹாரன் அடிக்க வேண்டுமே? ஊஹூம். போன ஐப்பசியில் நான் டார்ச்சை ஆட்டி நிறுத்தியபோது, “தவளைக்காக நான் டைமிங்க விடணுமா? வீட்ல போய்ச் சோத்தப் பொங்கு” என்று மேலே மோதுகிற மாதிரி வந்தான் மினிபஸ் துரைப்பாண்டி. அதே துரைப்பாண்டி இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் கை கட்டி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். நிறுத்தவே முடியாது என்று சொன்ன ரோடு ஒரு விசிலுக்கு நின்றுவிட்டது. இத்தனை வருஷமாகச் செத்ததெல்லாம் எதற்காகச் செத்தது?

செவக்காட்டில் தவளைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு காடு முழுக்க. வரப்பு ஏறி, வழித்துவிட்ட ஓரத்தைத் தாண்டி, தார்மேல் வந்தன. மஞ்சளும் பழுப்புமாக, மண் ஒட்டிய முதுகோடு, நிதானமாக. குளத்து ஓரத்தில் மழையில் கரைந்துகொண்டிருந்த பவுடரை நாங்கள் வாளித் தண்ணீர் ஊற்றி, குளத்தில் இறங்காதபடி ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒன்று அதில் மாட்டிப் புரண்டது. பிச்சம்மாள் அதைக் கையில் எடுத்து வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அது பிழைத்ததா என்று பார்க்கக்கூட நேரமில்லை.

அப்போது இசக்கிப்பாண்டிக்குப் போன் வந்தது. பேசிவிட்டு என் பக்கத்தில் வந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

“வரலையாம், போஸ்ட்டம்மா. மழைன்னு புரோகிராம கேன்சல் பண்ணிட்டாராம். நம்ம கட்சி ஆளுதான் சொல்லுதான்.”

சொல்லிவிட்டு எஸ்.ஐ. நின்ற பக்கம் திரும்பினார். நான் அவர் கையைப் பிடித்தேன். முக்காடு போட்ட பொம்பளை நடுரோட்டில் கவுன்சிலர் கையைப் பிடிப்பதை அத்தனை வண்டியும் பார்த்தது. பார்க்கட்டும்.

“சொல்லாதீங்க அண்ணாச்சி.”

“வெளாடுதீயளா? தெரிஞ்சா என்னைய உள்ள தூக்கி வச்சிருவான்.”

“இப்ப கயித்த அவுத்தா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும்லா?”

அவர் ரோட்டைப் பார்த்தார். தார் தெரியாத அளவுக்கு நிறைந்திருந்தது. பிறகு வெள்ளைக் கரைசலில் ஊறிப்போன தன் செருப்பைப் பார்த்தார். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தவளைகளுக்கு நடுவே கால் பார்த்துப் பார்த்து வைத்து எஸ்.ஐ.யிடம் போனார்.

“சார்! மந்திரி கிளம்பிட்டாராம்!” ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். “ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாதுன்னு சொல்லுதாங்க!”

எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முன்னால் நகர்ந்திருந்த ஒரு பைக்குக்காரனை லத்தியால் தட்டிப் பின்னால் தள்ளினார். வரப்போவதில்லாத ஒருத்தருக்காக மேலநீலிதநல்லூர் ரோடே கொட்டுகிற மழையில் வாய் திறக்காமல் நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியையும் உடைக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

எஸ்.ஐ.யின் தோளில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. மழையில் ஒன்றும் கேட்கவில்லை போல, அதைக் கழற்றிக் காதோடு வைத்துக்கொண்டார். இசக்கிப்பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். எஸ்.ஐ.யின் பூட்ஸுக்கு முன்னால் ஒரு பெண் தவளை, முதுகில் ஆணைச் சுமந்தபடி, குளத்தைப் பார்த்துக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது.