கேட்டுக்குள் வைத்திருக்கிறோம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லைப் பார்க்கவில்லை. அந்த மாடு என் வீட்டுக்காரரை முட்டிப் பொலிஸ் கூட்டுக்குள் தள்ளியது. அதைப் பற்றியும் வாயைத் திறக்கக்கூடாது என்றால், போங்கள், நீங்களும் உங்கள் தானமும்.

நான் விஜயகலா. தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் வேலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. வீட்டுக்காரர் சுதாகரன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இங்கே தமிழ்ப் பெயரோடு பஸ் ஏறுகிறவன் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போன காலம்.

எனக்குத் தைக்கத் தெரியும், மெஷின்தான் இல்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற யூனிஃபோர்ம் துணியைத் தைக்க, லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற சனம் வருஷா வருஷம் டவுனுக்கு அலையும். ஒரு மெஷின் இருந்தால் நானே தைத்துக் கொடுப்பேன் என்று டவுனில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் மக்கீன் நாநாவிடம் புலம்பியிருந்தேன். ஒருநாள் அவர் கம்ப்யூட்டர் முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தங்கச்சி, இது ஒரு குரூப். வீட்டுல வேணாத சாமான சும்மா குடுக்கிறாங்க. மாவனல்லையில ஒரு லேடி கையால சுத்துற மெஷின் குடுக்கிறா. ஒங்களுக்குக் கேட்டு மெயில் போடவா?"

"சும்மாவா? யாருக்கும் யாரும் சும்மா குடுப்பாங்களா நாநா?"

"விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அதுதான் சட்டம். கேட்டுக்குள்ள வெச்சிருவாங்க, நீங்க எடுத்துட்டு வந்து நன்றின்னு ஒரு வரி எழுதணும். அவ்வளவுதான்."

மறுநாளே பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நாநா வாசித்துச் சொல்ல, நான் என் கையால் ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதினேன். 'மாவனல்லை, பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒழுங்கை, வெள்ளைக் கேட். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வீட்டில் யாரும் இல்லை. கேட் பூட்டியிருக்காது. உள்ளே போய் எடுக்கவும்.'

எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடியவே மழை. பால் வெட்டு இல்லை. எனக்கு லீவு கிடைக்காது என்பதால் அவர் போனார். மூன்று பஸ் மாறி மாவனல்லைக்குப் போய், வெள்ளைக் கேட்டைத் திறந்து, ஜம்பு மரத்தடியில் இருந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு, ஒரு முகத்தையும் பார்க்காமல் திரும்பியிருக்கிறார். சாயங்காலம் அவர் வரவில்லை. அவர் ஏறிய நாலு மணி பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி அண்ணன்தான் லயத்துக்கு ஓடி வந்தார்.

"கலா, சுதாகரன செக்பொயிண்ட்ல எறக்கிட்டாங்க. பில் கேட்டாங்க. பில் இல்ல, சும்மா குடுத்தாங்கன்னு சொல்றான். யார் குடுத்தான்னு கேட்டா, தெரியாதுங்கிறான். ஆளப் பாத்தியான்னா, பாக்கலங்கிறான். சட்டப்பையில தமிழ்ல எழுதின துண்டு வேற. கண்டக்டர் மெஷின ரோட்டுல எறக்கி வெச்சிட்டு பஸ்ஸ எடுத்துட்டான்."

"நீங்க எல்லாரும் என்ன பண்ணீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

கேட்டவை எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார் என் வீட்டுக்காரர். கடையில் வாங்கினேன், பில் தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பார். அந்த மனுஷனுக்குப் பொய் வராது. அந்தத் துண்டைச் சிங்களத்தில் வாசித்துப் பாருங்கள்: வீட்டின் அடையாளம், ஆள் இல்லாத நேரம், கேட் பூட்டியிருக்காது, உள்ளே போய் எடு. களவுக்கு ஆள் அனுப்புகிறவன்கூட இவ்வளவு துப்புரவாக எழுதமாட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் பொலிசுக்குப் போனேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சார்ஜன்ட் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். இன்டர்நெட்டில் யாரோ ஒருவர் தோட்டத்து ஆளுக்கு மெஷின் கொடுத்தாராம், கதை நன்றாக இருக்கிறது என்றார். கொடுத்தவர் நேரில் வந்து, நான்தான் கொடுத்தேன் என்று அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதிக் கொடுத்தால் விடலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கோர்ட், அதற்குப் பிறகு தன் கையில் இல்லை என்றார். அதற்குப் பிறகு என்னவென்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் அப்படிப் போன சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்கே தெரியாது.

ஓடினேன் மக்கீன் நாநா கடைக்கு. பாவம் அந்த மனுஷன், கடையைப் பாதி மூடிவிட்டு எனக்காக உட்கார்ந்தார். அந்த லேடிக்கு மூன்று மெயில் போட்டார். பதில் இல்லை. பிறகு குரூப்புக்கே எழுதச் சொன்னேன். 'தேவை: ஒரு கடிதம். மெஷின் எடுக்க வந்தவர் பொலிசில். கொடுத்தவர் தயவுசெய்து வரவும்.'

இருநூறு பேருக்கு மேல் இருக்கிற குரூப். இரண்டு பதில் வந்தது.

முதலாவது, குரூப்பை நடத்துகிறவர். இங்கே கொடுப்பது எடுப்பது தவிர வேறு விஷயம் பேசக்கூடாது என்ற சட்டத்தை நினைவூட்டி, என் மெயிலை நீக்கிவிட்டார்.

இரண்டாவதை வாசிக்க நாநா தயங்கினார்.

"சொல்லுங்க நாநா."

"அவருக்கு எடுக்க ஏலாட்டி மெஷின் எனக்குத் தர ஏலுமா, எங்கிட்ட வாகனம் ஈக்கின்னு ஒராள் கேட்டீக்கி."

அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் அடித்திருப்பேன். நாநாவின் சொத்து என்பதால் விட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வெள்ளைக் கேட்டுக்கு முன்னால் நின்றேன். ஒரு பெண் வந்தார். பெயர் லதீபா என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டைத் திறக்காமலே பேசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அல்லாஹ்வே! அது களவு மெஷின் இல்லையே. நான் சும்மா குடுத்தது."

"அத பொலிஸ்ல வந்து ஒருக்காச் சொல்லுங்க. அது போதும்."

"பொலிசுக்கா? எனக்கு ஏலா புள்ள. எங்கட மனுசன் கொழும்புல. இந்த நாள்ல தமிழ் ஆள் ஒருத்தருக்காக நாங்க போய் நின்டா, நாளைக்கு எங்கட வாசல்லயும் ஜீப் வந்து நிக்கும்."

"மூணு மெயில் போட்டோங்க."

"பாத்தன்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பயத்துல மூடி வெச்சிட்டன்."

பயம்! எனக்கு மட்டும் பயம் இல்லையா? தனி ஒருத்தியாக மூன்று செக்பொயிண்டைத் தாண்டி வந்திருக்கிறேன். என் நாக்கு அதற்குமேல் அடங்கவில்லை.

"குடுக்கிறப்போ பயம் இல்ல, ஆமான்னு சொல்றதுக்குப் பயமா? மெஷின எங்க வெச்சீங்க, அந்த எடத்தக் காட்டுங்க."

அவர் ஜம்பு மரத்தைக் காட்டினார். நான் கேட்டைத் தள்ளித் திறந்து உள்ளே போய், அந்த மரத்தடியில் ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன புள்ள இது? எழும்புங்க! ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். வேண்டாததத்தான இங்க வெப்பீங்க? என்னயும் வெச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரர் வரலன்னா நானும் யாருக்கும் வேண்டாத சாமான்தான். குரூப்ல போடுங்க, யாராச்சும் வாகனத்தோட வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

பக்கத்து மதிலில் இரண்டு தலை முளைத்தது. அவர் உள்ளே போனார், வந்தார், தண்ணீர் கொடுத்தார். நான் வாங்கவில்லை. பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அபாயாவும் கைப்பையுமாக வெளியே வந்தார். அழுத முகம்.

"தொழுதுட்டுத்தான் வாறன். எழும்புங்க. வேனுக்குச் சொல்லீக்கி."

பொலிசில் எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? இரண்டு நிமிஷம். சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அவர் எழுதி, இலக்கம் போட்டு, கையெழுத்து வைத்தார். ஒரு பிரதியில் முத்திரை குத்தி, மெஷினையும் சேர்த்து என்னிடம் தந்தார்கள். இரண்டு நிமிஷ வேலைக்கு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சிமெந்துத் தரையில் கிடந்தார். வெளியே வந்தபோது இடது கன்னம் வீங்கியிருந்தது. "ஒண்ணுமில்ல புள்ள," என்றார். பார்த்தீர்களா, பொய்யும் வருகிறது, எனக்காக மட்டும்.

லதீபா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்தான். என் வீட்டுக்காரரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேனில் ஏறும்போது திரும்பிச் சொன்னார்:

"குரூப்ல நன்றி ஒண்டு போட்டுருங்க புள்ள. போடாட்டி நான் மெஷின் குடுக்கிறன்டு போட்ட மெயில் முடியாம ஈக்கும்."

நாங்கள் பஸ் ஏறினோம். அதே நாலு மணி பஸ். அதே கண்டக்டர். மெஷின் என் மடியில். அதே செக்பொயிண்டில் எல்லோரையும் இறக்கினார்கள். அதே பொலிஸ்காரன் மெஷினைத் தட்டி, "பில் எக்க கோ?" என்று பில்லைக் கேட்டான். கடிதத்தை நீட்டினேன். முத்திரையை ஓரக்கண்ணால் பார்த்தான். வாசிக்கவில்லை. ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

"ஹரி, யண்ட," என்று போகச் சொல்லி பஸ்ஸைக் காட்டினான்.

அவ்வளவுதானா? அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் ஈரத்தரையில் உட்கார்ந்தேன்.

பஸ் நகர்ந்ததும் நான் உட்காரவில்லை. நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடிதத்தைப் பிரித்து, கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிங்களத்தில் வாசித்தேன். 'இந்தத் தையல் மெஷினை நான் என் சொந்த விருப்பத்தில் சுதாகரன் என்பவருக்குக் கொடுத்தேன். அவர் என் அனுமதியோடு எடுத்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.' வியாழக்கிழமையும் அந்த பஸ்ஸில் வந்த முகங்கள் சில இருந்தன. எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பின.

"கலா, உக்காரு," என்று அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"நங்கி, இந்தகன்ன," என்று கண்டக்டரும் உட்காரச் சொன்னான்.

"இன்னும் முடியல," என்றேன். அவன் முகத்துக்கு நேரே கடிதத்தைப் பிடித்து, அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒன்பது இலக்கமும் கடைசி எழுத்தும் முடிவதற்குள் என் சேலையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு நாளில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம் முப்பத்தேழு பிள்ளைகளுக்கு யூனிஃபோர்ம் தைத்தேன். மெஷின் நன்றாக ஓடுகிறது. நன்றி வரியை மட்டும் நான் போடவில்லை. குரூப்பிலிருந்து நினைவூட்டி நாலு தடவை மெயில் வந்ததாக மக்கீன் நாநா சொன்னார். முடியாமலே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.