நிலவறைச் சுவரில் படர்ந்தது

ஆய்வுக்கூடத்தின் நிலவறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சைக்காரியைக் கூப்பிட்டார்கள். காளானையும் பூஞ்சையையும் இனம் பிரிக்கிறவள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். உயிருள்ள எதையும் ஏதாவது ஒரு குடும்பத்தில் சேர்த்துவிட்டால்தான் இந்தத் தொழில்காரர்களுக்குத் தூக்கம் வரும். அவளுக்கோ தூக்கம் போய் மாதங்களாகின்றன. அதே கூடத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன், மழைக்காலத்தில் ஒரு மதியம் இந்த நிலவறைக்குள் போனவன், போனவன்தான். போலீஸ் கையை விரித்துவிட்டது. அம்மா மட்டும் இன்னும் அவனுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள்.

கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தாள். பச்சையம் இல்லை, தாவரமில்லை. செல்லைச் சுற்றிச் சுவரே இல்லை, பூஞ்சையுமில்லை. ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வந்ததில் கடைசியாக விலங்கு என்ற வாசல்தான் மிஞ்சியது. சுவரில் முளைக்கும் விலங்கா? சிரிப்பு வந்தது. மரபணுச் சோதனையில் போட்டாள். மனிதன் என்று வந்தது.

"உன் எச்சில் விழுந்திருக்கும்மா. தூக்கிப் போடு," என்று மேலதிகாரி சிரித்தார்.

தொழில் வழக்கம் அப்படித்தான். மனிதன் என்று வந்தால் சோதித்தவரின் தும்மல் என்றே கணக்கு. அவளும் நம்பினாள். சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டு, மனம் கேட்காமல், முகமூடி கட்டிக்கொண்டு இன்னொரு தடவை சோதித்தாள்.

மறுபடியும் மனிதன். யாருடைய தும்மல் என்று கண்டுபிடிக்கவே ஊழியர் எல்லோருடைய மரபணு விவரத்தையும் கணினியில் வைத்திருப்பார்கள். ஒப்பிட்டாள். அவளுடையது இல்லை. திரையில் அண்ணனின் படம் வந்தது.

தலைதெறிக்க நிலவறைக்கு ஓடினாள். சுவர் பளிச்சென்று இருந்தது. துப்புரவு அக்கா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தேய்க்கத் தேய்க்க சூடா இருந்துச்சு கண்ணு. அப்புறம் தானா சுருங்கிடுச்சு."

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்; வெறும் ஈரம்தான். தன் வாயால் ஏவிய வேலை. அழக்கூட வரவில்லை.

மேலே, மேசைமேல் கண்ணாடித் தட்டில் நகத்தளவு துணுக்கு ஒன்று மிச்சமிருந்தது. சோதித்து முடித்ததைக் கொதிநீராவியில் அழித்துவிட வேண்டும், விதி அது. அவள் தட்டை மூடிக் கைப்பையில் வைத்தாள். வெளியே வரும்போது போன் அடித்தது.

"இன்னிக்காவது அண்ணனைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"கூட்டிட்டு வர்றேம்மா," என்றாள்.