எரிந்தால் அழும்

1

இந்தக் கதை மருந்துக்கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவள் மவுத்வாஷ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "வாயில புண்ணு இருந்தா இது எரியுமா?"

"எரியும். டாக்டர்கிட்ட காட்டுங்க."

"எவ்வளவு நேரம் எரியும்?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அதையே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வாங்க வந்த தலைவலி மாத்திரையை மறந்துவிட்டு, அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "நகரெங்கும் வைரஸ் பரவிக்கொண்டிருந்த அந்த—" வேண்டாம். செய்தி வாசிப்பது போலிருக்கிறது.

இரண்டாவது: "தாய் என்பவள்—" இதை முடித்தால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போகும்.

மூன்றாவது: கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போடும் வைரஸ், குழந்தைகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. காப்பகத்தை நடத்தும் மிஸ் வாசலில் மவுத்வாஷ் வைத்தாள்.* வாயில் புண் உள்ள பிள்ளைக்கு அது எரியும், எரிந்தால் அழும் என்பதைச் சீக்கிரமே கவனித்தாள். அழுத பிள்ளை வீட்டுக்கு, அழாத பிள்ளை உள்ளே. தொற்றைக் குறைக்க வாங்கிய மருந்து பரீட்சையாகிவிட்டது.

இது இருக்கட்டும்.

(*துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும். தொற்று உண்மையிலேயே குறையுமா என்று யாராவது கேட்டால், "வச்சா தப்பில்லையே" என்பாள்.)

3

அம்மா, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். இன்னொரு லீவு போட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. மகளின் நாக்குக்கு அடியில் கொப்புளங்கள். காப்பகத்துக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே மவுத்வாஷை வாயில் ஊற்றி, அழாமல் நிற்கப் பழக்குகிறாள்.

"எரியுதும்மா."

"எரியட்டும்டி. மூஞ்சியில காட்டக் கூடாது. சிலை மாதிரி நில்லு பார்ப்போம்."

"சிலை வாயில தண்ணி வச்சுக்குமா?"

"இந்தச் சிலை வச்சுக்கும். வாயாடாம இன்னொரு தடவை ஊத்திக்கோ."

"நான் ஜெயிச்சா?"

"அம்மா வேலைக்குப் போவேன்."

"அது உனக்கு. எனக்கு?"

[இதற்கு அம்மாவின் பதிலாக எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டேன். அவள் சீப்பை எடுத்துத் தலை வாரிவிடத் தொடங்குகிறாள்.]

4

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். உள்ளே மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் கடித்த பொம்மையை இன்னொருவர் கடிப்பார். அது அவளுக்குத் தெரியாதா? தெரியாத ஒருத்தியை எழுதுவது சுலபம், மன்னிப்பதும் சுலபம். இவளுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் அழுதாள் என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மகளுக்குக் கூடாது என்று சொன்னதை அவள் தனக்கு மட்டும் அனுமதித்துக்கொள்ள மாட்டாள்.

5

முடிவு அ: குழந்தை அழுகிறாள், அம்மாவின் வேலை போகிறது. நியாயமான முடிவு. நான் வேலைக்குப் போகவேண்டியவள் இல்லை என்பதால் எனக்கு நியாயமாகத் தெரிகிறதோ என்னவோ.

முடிவு ஆ: அழவில்லை, உள்ளே போகிறாள், காப்பகம் முழுக்கக் கொப்புளம். இது எச்சரிக்கைப் பலகை.

முடிவு இ: மிஸ் எல்லாம் புரிந்து, "பரவாயில்லை, பின்னறையில தனியா—" இல்லை. மிஸ்ஸை நல்லவளாக்கி நான் தப்பிக்கப் பார்க்கிறேன்.

6

வாஷ்பேசின் முன்னால் குழந்தை மருந்தை வாயில் ஊற்றிக்கொள்கிறாள். கன்னங்கள் உப்புகின்றன. கேட்டுக்கு வெளியே அம்மா, கைப்பையின் வாரைப் பிடித்தபடி, போகாமல் நிற்கிறாள்.

உள்ளே ஏதோ விழுந்து உடைகிறது. மிஸ் திரும்பிப் பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கிற உங்களிடம், "கொஞ்சம் பார்த்துக்குங்க. மூஞ்சி சுளிச்சா அனுப்பிடுங்க, இல்லன்னா உள்ள விட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு ஓடுகிறாள்.

குழந்தையின் முகம் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் கட்டி நிற்கிறது, இன்னும் விழவில்லை. மிஸ் அதைப் பார்க்கவில்லை, நீங்கள் பார்க்கிறீர்கள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். யாராவது "துப்பு" என்று சொன்னால்தான் துப்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் யோசித்தே முடிவெடுக்கலாம். அதுவரை அது அவள் வாயில்தான் இருக்கும்.